அயலகத்தாருடைய நாயும் நம்முடைய வேலியும்



இம்மாதம் நான் எடுத்துக்கொண்ட காரியம் சிலருக்கு நகைப்பை உண்டாக்கலாம். அயல்வீட்டார் தங்கள் நாயை அவிழ்த்துவிடுகிறார்கள். அது நம்முடைய சிறு தோட்டத்தில் வந்து மலங்கழித்துப் போகிறது. விசுவாசியாகிய நாம் என்ன செய்ய வேண்டும்? எழுப்புதலையும் வருகையையும் குறித்து எழுத வேண்டிய பக்கத்தில் இதற்கென்ன இடம் என்று எங்கள் சபை மூப்பர் ஒருவர் கேட்டார். உபாகமம் 23ஆம் அதிகாரத்தில் கர்த்தர் இதற்கு இடங்கொடுத்திருக்கிறார் என்று அவருக்குச் சொன்னேன். அங்கே பாளயத்தில் தங்கும் மனிதன் மலங்கழித்தால் மண்ணைத் தோண்டி மூடிப்போடுவதற்கு ஒரு கோலைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்று மோசே கட்டளையிடுகிறார். அதற்குச் சொல்லப்படும் காரணம் சுகாதாரம் அல்ல; கர்த்தர் பாளயத்தின் நடுவே உலாவுகிறார் என்பதே. வேதாகமக் கல்லூரியில் இந்தப் பகுதியை வாசித்த நாளில் வகுப்பில் பலர் சிரித்தோம். எங்கள் ஆசிரியர் சிரிக்கவில்லை. அந்தக் கோல் யார் கையில் இருக்கிறது என்று கவனித்தீர்களா என்று மாத்திரம் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னர் வருகிறேன்.

பட்டணங்களில் குடியேறிய நம்முடைய ஜனங்களும் ஒரு பாளயத்தில்தான் வாழ்கிறார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பகுதிகளிலிருந்தும், வட மாவட்டங்களிலிருந்தும் பம்பாய்க்கு வந்தவர்கள் தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் சயான் கோலிவாடாவிலும் பத்துக்குப் பதினைந்து அடி அறைகளில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார்கள். ஒரு கைப்பிடி மண் அவர்களுக்குச் சொந்தமாயிருந்ததில்லை. ஜன்னல் கம்பியில் கட்டிய டால்டா டின்னில் துளசியோ ரோஜாவோ வளர்த்ததே அவர்களுடைய தோட்டம். பிற்பாடு பிள்ளைகள் படித்து, வங்கிக் கடன் பெற்று, நவி மும்பைக்கும் கல்யாணுக்கும் அப்பாலும் வீடு வாங்கினார்கள். சிலருக்கு வாசலில் நான்கு அடி மண்ணோடு ரோ ஹவுஸ் கிடைத்தது. அந்த நான்கு அடி மண் அவர்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை, ஊரில் பத்து ஏக்கர் வைத்திருப்பவன் அறியமாட்டான்.

எங்கள் சபையின் ஒரு குடும்பத்தாருக்கு அப்படி ஒரு வீடு உண்டு. சகோதரர் ஒரு கம்பெனியில் கணக்கர். சகோதரி ஒரு பள்ளியில் ஆசிரியை. சகோதரருடைய தாயார் எழுபதைக் கடந்தவர்கள். வாசலில் கறிவேப்பிலையும் ஒரு முருங்கைப் போத்தும் மல்லிகைக் கொடியும் வைத்து, நடுவே தண்டுக்கீரையும் கொத்தமல்லியும் விதைத்தது அந்தத் தாயார்தான். நான்காம் வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மராத்தியப் பெரியவர் இருக்கிறார். சித்தப்பாவைக் குறிக்கும் ‘காகா’ என்ற சொல்லால்தான் அந்த வரிசை முழுவதும் அவரை அழைக்கும். அவருடைய நாய்க்கு ஷேரு என்று பெயர். விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கதவு திறக்கும். ஷேரு தனியே வெளியேறும். நாலைந்து வீட்டு மண்ணை முகர்ந்து பார்த்துவிட்டு, கடைசியில் இந்தத் தாயாருடைய கீரைப்பாத்தியிலேயே உட்காரும். கிளறிப் பதப்படுத்திய மண் நாய்க்குப் பிரியமானது. ஒருமுறை கழித்த இடத்தின் வாசனை அதை மறுபடியும் அங்கேயே இழுத்துவரும். ஷேருவுக்குப் பகை ஒன்றும் இல்லை.

ஆனால் வீட்டாருக்குப் பகை வளர்ந்தது. ஆறு மாதம் ஒருவரும் காகாவிடம் போய்ச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஜெபக்கூட்டத்தில் விண்ணப்பம் வைத்தார்கள். சத்துரு தங்கள் வாசலில் போராடுகிறான் என்றும், நாயை ஏவிவிடுகிற ஆவியைக் கட்டி ஜெபிக்க வேண்டும் என்றும் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் ஆமென் என்றார்கள். பிரியமானவர்களே, ஆவிக்குரிய போராட்டம் உண்டென்று முப்பது வருடமாகப் பிரசங்கிக்கிறவன் நான். ஆனாலும் தாழ்ப்பாள் இல்லாத கதவு வழியாக வரும் நாயைப் பிசாசின் கணக்கில் எழுதாதிருங்கள். நான்கு வீடு நடந்துபோய்ப் பேசத் தைரியமில்லாதவன், வானமண்டலத்தின் அதிகாரங்களோடு பேசுவதாகச் சொல்வது எனக்கு ஏற்புடையதாயில்லை.

வேறொருவர் வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, நாய்கள் நகரத்துக்குப் புறம்பே இருப்பவை என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே என்றார். அந்த இடத்தில் நாய் என்ற சொல் நான்கு கால் பிராணியைக் குறிக்கவில்லை. துன்மார்க்கத்தில் நிலைத்திருக்கும் மனிதரைக் குறிக்கிறது. யோபு தன் மந்தையைக் காத்த நாய்களைக் குறித்துப் பேசுகிறான். லாசருவின் பருக்களை நக்கியவை நாய்களே. வாசலுக்குள் இருந்த ஐசுவரியவான் அந்த அளவுகூடச் செய்யவில்லை. தன் மிருகத்தின் உயிரைக் கவனிப்பது நீதிமானுடைய லட்சணம் என்று நீதிமொழிகள் 12ஆம் அதிகாரம் போதிக்கிறது.

இதைவிட மோசமான ஆலோசனை ஒரு வாலிபனிடமிருந்து வந்தது. ஆட்டிறைச்சியில் எலிமருந்தைக் கலந்து வைத்தால் ஒரே நாளில் காரியம் முடியும் என்றான். ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் அவன் இதைச் சொன்னபோது இரண்டு பேர் சிரித்தார்கள். நான் அவனை நிறுத்தி வைத்துப் பேசினேன். அந்த நாய் செத்தால் அதன் வலி யாருக்கு? எலிமருந்து தின்ற மிருகம் உள்ளே இரத்தம் கசிந்து நாட்கணக்கில் துடிப்பதுண்டு. அந்த இறைச்சித் துண்டை ஒரு குழந்தை தொட்டால்? மேலும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி, ஒரு மிருகத்தை விஷம் வைத்தோ வேறு விதத்திலோ கொல்வதற்கு ஐந்து ஆண்டு வரைக்கும் சிறைத்தண்டனை உண்டு. அவன் முகம் வெளுத்தது. கட்டளையைக் கேட்டு அசையாதவன் சட்டத்தைக் கேட்டு அசைந்தான் என்பதையும் கவனித்துக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் அந்த வீட்டிற்குப் போனேன். தாயார் என்னிடம் தனியே பேசினார்கள். அவர்கள் சொன்னதை அவர்களுடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

“பாஸ்டரையா, எங்க அம்மா ஊர்ல முனிசிபாலிட்டியில கக்கூஸ் அள்ளுன வேல பாத்தவ. தலையில சுமந்தவ. நாத்தம் போகலன்னு என்னய மடியில வெக்க மாட்டா. அந்த வேல எம்பிள்ளைக்கு வரக்கூடாதுன்னுதான் நான் பம்பாய்க்கு வந்தேன். இப்ப எழுபது வயசுல, சொந்த வீட்டு வாசல்ல, அடுத்தவன் நாய்ப்பீய அள்ளிக்கிட்டிருக்கேன்.”

அதற்குமேல் நான் வேதவசனம் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் அமர்ந்திருந்தேன்.

ஆறு மாதமாக நாங்கள் எல்லாரும் இதை நாய்ப் பிரச்சினை என்றே நினைத்திருந்தோம். நம்முடைய தேசத்தில் மலம் என்பது வெறும் அசுத்தம் அல்ல. அதைக் கழிப்பவன் ஒருவன், அள்ளுபவன் வேறொருவன் என்று தலைமுறை தலைமுறையாக ஏற்படுத்தி வைத்திருக்கிறார்கள். மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடைசெய்து 1993ஆம் ஆண்டிலும், மறுபடியும் 2013ஆம் ஆண்டிலும் பாராளுமன்றம் சட்டமியற்ற வேண்டியிருந்தது. நம்முடைய சபைகளில் அநேகருடைய பாட்டன்மாரும் பாட்டிமாரும் அந்த வேலைக்குத் தள்ளப்பட்டவர்கள். ஆகையால், நாயின் மலத்தைப் பிறர் வாசலில் விட்டுப்போவது சிலருக்குச் சிறு அசௌகரியம். சிலருக்கோ அது பழைய காயத்தின் மேல் விழும் அடி.

இப்பொழுது எங்கள் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பாளயத்தில் அந்தக் கோல் அவனவன் கையில் இருந்தது. தன்தன் ஆயுதத்தோடே கூட. இதற்கென்று ஒரு கோத்திரத்தை மோசே ஏற்படுத்தவில்லை. பின்னாட்களில் யோசுவா கிபியோனியரை விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் வைத்தான். ஆனால் மலத்தை மூடும் வேலையை அந்நியன் தலையில் வைக்கும்படி நியாயப்பிரமாணம் எங்கும் சொல்லவில்லை. யுத்தவீரனும் தன்னுடையதைத் தானே மூட வேண்டும். உலகத்தின் பழைய பிரமாணங்களில் இதற்கு ஒப்பான கட்டளையை நான் கண்டதில்லை. அயலானுடைய வயலில் தன் மிருகத்தை மேயவிட்டவன் தன் சொந்த வயலின் நல்ல பலனிலிருந்து ஈடுசெய்ய வேண்டும் என்ற யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தின் கட்டளையும் இதே திசையில் நிற்கிறது. நம்முடைய மிருகம் வேலி தாண்டிச் செய்தது, நாம் செய்ததற்குச் சமம்.

நம்முடைய கிராமத்தாருக்கும் இது புதிதல்ல. பயிரை மேய்ந்த ஆடுமாட்டைக் கொண்டித் தொழுவில் அடைத்து, உடையவன் அபராதம் கட்டி மீட்ட காலத்தை மூத்தவர்கள் அறிவார்கள். 1871ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இயற்றிய கால்நடை அத்துமீறல் சட்டம் அதற்கு ஆதாரமாயிருந்தது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் யானையும் ஒட்டகமும் பன்றியும் கழுதையும் உண்டு, நாய் இல்லை. நாய் மேயாது என்பதால் விட்டுவிட்டார்கள் போலும்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சகோதரரும் நானும் காகாவின் வீட்டுக்குப் போனோம். இரண்டு பேர் மாத்திரம். சகோதரருடைய மைத்துனர்கள் இருவர் கூட வர ஆயத்தமாயிருந்தார்கள், வேண்டாம் என்றேன். கைபேசியில் எடுத்து வைத்திருந்த படங்களையும் வீட்டில் விட்டுவரச் சொன்னேன். வழக்கைப் பிறனோடே தனித்துப் பேசு, அவன் காரியத்தை மற்றவனிடம் பரப்பாதே என்னும் கருத்து நீதிமொழிகள் 25ஆம் அதிகாரத்தில் உண்டு. காலை ஐந்தரை மணிக்கு, கையில் துடைப்பத்தோடும் வாயில் கோபத்தோடும் போய் நின்றால் எந்த மனிதனும் கேட்கமாட்டான்.

காகா தேநீர் கொடுத்தார். நான் முதலில் ஷேருவின் வயதைக் கேட்டேன். ஒன்பது என்றார், தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் கணக்காய்ப் போடுகிறாராம். பின்பு சகோதரர் காரியத்தைச் சொன்னார். பெரியவருடைய முகம் இறுகியது.

“வாயில்லா ஜீவன். எந்த மண் யாருடையது என்று அதற்குத் தெரியுமா? தெருநாயும்தான் வருகிறது. நான் ஒன்று கேட்கிறேன், ஃபாதர். வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணி வரைக்கும் இவர்கள் வீட்டில் மைக் வைத்துக் கத்துகிறார்களே, நான் ஒரு நாளாவது வந்து கேட்டேனா? என் பேத்திக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது.”

நாம் ஃபாதர் அல்ல என்று விளக்கும் நேரம் அது அல்ல. வீட்டுக் கூட்டங்களில் ஒலிபெருக்கி கூடாது, ஒன்பது மணிக்கு முடிக்க வேண்டும் என்று எங்கள் சபையில் நெடுங்காலமாக ஒழுங்கு உண்டு. சகோதரர் அண்மையில் ஒரு சிறிய ஸ்பீக்கரும் மைக்கும் வாங்கியிருந்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் தேநீரைப் பார்த்தேன்.

“அது தப்புதான், காகா. நீங்க வந்து சொல்லியிருக்கலாமே.”

“நீயும் வந்து சொல்லியிருக்கலாமே, பேட்டா. ஆறு மாதமாக உன் அம்மா என் வாசலைப் பார்த்துத் துப்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் என்ன குற்றம் செய்தேன் என்று தெரியாமல் இருந்தேன்.”

அதன்பின் சகோதரர், நான் எதிர்பாராத வண்ணம், தன் பாட்டியைக் குறித்துச் சொன்னார். உடைந்த இந்தியில்தான் சொன்னார். கக்கூஸ் கூடையைக் குறித்தும், தன் தாயாரை மடியில் வைக்காததைக் குறித்தும் சொல்லி, “அதனால்தான் எங்கம்மா அப்படி இருக்காங்க, காகா, உங்க மேல கோபம் இல்ல,” என்று முடித்தார். இந்த ஊரில் தன் குடும்பத்தின் பூர்வீகத்தை அவர் ஒருவரிடமும் சொன்னவர் அல்ல, சபையிலும் சொன்னதில்லை. காகா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு எழுந்துபோய் உள்ளே ஆணியில் தொங்கிய நாய்ப்பட்டையையும் கயிற்றையும் எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். முழங்கால் வலி வந்தபின் அதைத் தொடவில்லையாம்.

நான் இங்கே ஓர் அற்புத சாட்சி எழுதவில்லை. காகா மனந்திரும்பி ஞானஸ்நானம் பெறவில்லை. நடந்தது இவ்வளவே: மறுநாள் முதல் அவர் ஷேருவைக் கயிற்றில் பிடித்துப் பின்புறக் காலி மனைக்குக் கொண்டுபோனார். சகோதரர் ஸ்பீக்கரை விற்றுவிட்டார். தன் தாயார் இனி அதை அள்ளக்கூடாது என்றும், என்றாவது கிடந்தால் வேலைக்குப் போகுமுன் தானே எடுப்பதாகவும் முடிவுசெய்தார். ஜூன் மாதத்தில் மழை பிடித்ததும் காகாவின் முழங்கால் மறுபடியும் மறுத்துவிட்டது. ஷேரு பழைய வழியே வந்தது. சகோதரர் போய்க் கதவைத் தட்ட, பெரியவர் குடையோடும் ஒரு பழைய தகர முறத்தோடும் வந்து, குனிய முடியாமல் குனிந்து, தாமே எடுத்துப்போனார். தாயார் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம். வாரத்துக்கு ஒரு நாளாவது இப்படி நடக்கிறதென்று கேள்விப்படுகிறேன்.

வெள்ளிக்கிழமைக் காரியத்தை அவ்வளவு எளிதில் தாண்டிப்போக எனக்கு மனமில்லை. அதிகாலையில் எழுந்து உரத்த சத்தமாய்த் தன் சிநேகிதனை ஆசீர்வதித்தாலும் அது சாபமாக எண்ணப்படும் என்னும் கருத்தை நீதிமொழிகள் 27ஆம் அதிகாரத்தில் வாசித்து, பெந்தெகொஸ்தேகாரர் சற்று நிதானிக்க வேண்டும். சென்னையிலுள்ள ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் அப்பகுதிக் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில், 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறருடைய அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்தோ மேளமடித்தோ ஜெபிக்கும்படி எந்த மார்க்கமும் கற்பிக்கவில்லை என்பதே அதன் சாராம்சம். அவ்வாண்டு வந்த ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எல்லை குறித்தன. அந்தத் தீர்ப்பை உபத்திரவம் என்று பேசுகிறவர்கள் நம்மில் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. அயலகத்தாருடைய வேலியைத் தாண்டி நம்மிடமிருந்து போவது சத்தமாயிருந்தாலும், வாசலில் குவியும் செருப்புகளாயிருந்தாலும், வழியை மறிக்கும் ஸ்கூட்டராயிருந்தாலும், அதை அடக்குகிற கோல் நம்முடைய கையில்தான் இருக்கிறது. நாயை வைத்திருப்பவனிடம் நாம் கேட்பதும் அதுவே அல்லவா?

உடம்பின் காரியத்தையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் தாய்மார் கேட்கிறார்கள். நாயின் மலத்தில் உருளைப்புழுவின் முட்டைகள் இருக்கக்கூடும். புதிதாய் விழுந்த மலத்திலுள்ள முட்டை உடனே நோயுண்டாக்காது. மண்ணில் கிடந்து இரண்டு முதல் நான்கு வாரத்தில்தான் அந்தத் தன்மையை அடைகிறது. பின்பு அதே மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடிருக்கும். மண்ணில் விளையாடிக் கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்கு இதனால் ஈரலுக்கும், அரிதாகக் கண்ணுக்கும் கேடு உண்டாகலாம். கொக்கிப்புழுவின் குஞ்சுகளோ வெறுங்காலின் தோல் வழியே நுழைந்து, கோடு கோடாய் அரிப்பை உண்டாக்கும். ஆகையால் அன்றன்றே எடுத்துவிடுவது நல்லது. பிளாஸ்டிக் பையைக் கையுறைபோல் மாட்டிக்கொண்டு எடுத்து, பையை உட்புறம் வெளிப்புறமாய்த் திருப்பிக் கட்டி, குப்பையில் போட்டு, சோப்பினால் கை கழுவுங்கள். ஆட்டுப்புழுக்கையைப்போல் இதையும் உரமாகும் என்று கீரைக்கு இட வேண்டாம். அசுத்தமான பாத்தியிலுள்ள கொத்தமல்லியையும் புதினாவையும் பச்சையாய் உண்ண வேண்டாம்.

கிடந்த இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் வாசனை குறையும். வெற்று மண்ணைத் தேங்காய் மட்டையாலோ சருகினாலோ கூழாங்கல்லாலோ மூடிவைத்து, இரண்டடி உயரத்துக்குக் கோழிவலை கட்டினால் பெரும்பாலான நாய்கள் வேறு இடம் பார்க்கும். மிளகாய்ப்பொடி, பினாயில், அந்துருண்டை ஆகியவற்றைத் தூவுவோர் உண்டு. அந்துருண்டை நாய்க்கும் குழந்தைக்கும் விஷம். மற்றவை செடியையும் கெடுத்து, மிருகத்தையும் வதைக்கும்.

காகாவைப்போல் இணங்காதவர்களும் இருக்கிறார்கள். கதவைச் சாத்துவார்கள், மதராசி என்று ஏசுவார்கள். அப்பொழுது என்ன? இரண்டாம் முறை, அந்தத் தெருவில் மதிப்புள்ள, அவருடைய பாஷை பேசுகிற ஒருவரைக் கூட்டிப் போங்கள். அதற்கும் மசியாவிட்டால் நாள், நேரம், இடம் குறித்து, ஏச்சுப்பேச்சில்லாத ஒரு கடிதத்தைச் சொசைட்டி செக்ரட்டரிக்குக் கொடுங்கள். நாய் வளர்க்கவே கூடாது என்று சொசைட்டி தடைசெய்ய முடியாது. 2015ஆம் ஆண்டில் இந்தியப் பிராணிகள் நல வாரியம் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத் தெளிவாக்கியது. ஆனால் நாயைக் கயிற்றில் பிடித்து நடத்தவும், அதன் கழிவை அகற்றவும் உடையவர்களைக் கேட்டுக்கொள்வதற்கு அதே வழிகாட்டுதல் இடந்தருகிறது. கடைசியாக மாநகராட்சி. மும்பை மாநகராட்சி 2006ஆம் ஆண்டிலேயே, வளர்ப்புப் பிராணியின் கழிவைப் பொது இடத்தில் விட்டுப்போவோருக்கு அபராதம் விதிக்கத் துணைவிதி செய்தது. பல நகரங்களில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெற வேண்டும் என்ற விதியும் உண்டு. காவல் நிலையத்தை முதற்படியாக்காதிருங்கள். விசுவாசி நியாயம் கேட்பது பாவமல்ல. பவுலும் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லி நியாயம் கேட்டான். ஆனாலும் அவன் அதை முதல் நாளிலேயே எடுத்து வீசவில்லை.

வருவது தெருநாயா வளர்ப்பு நாயா என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்ளுங்கள். கழுத்துப்பட்டையைப் பார்த்தால் பாதி தெரியும். தெருநாய்க்கு உடையவன் இல்லை. 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி அவற்றைப் பிடித்துக் கருத்தடை செய்து தடுப்பூசி போடும் பொறுப்பு உள்ளாட்சிக்கு. 2025ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்துப் பிறப்பித்த உத்தரவுகளால் அது பெரிய விவாதமாயிற்று. அதை வேறொரு மாதத்தில் எழுதுகிறேன்.

நம்முடைய சபைகளிலும் நாய் வளர்க்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஞாயிறு காலையில் நாயைத் தெருவில் அவிழ்த்துவிட்டு, குடும்பமாய் ஆராதனைக்கு வந்து, மதியம் மூன்று மணிக்குத் திரும்பும் இரண்டு வீடுகளை நான் அறிவேன். நாள் முழுவதும் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதும் அதற்கு மாற்று அல்ல. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடைச் சட்டம் அதையும் குற்றமென்கிறது. அரைமணி நேரம் முன்னதாய் எழுந்து, கையில் கயிறும் பையும் எடுத்துக்கொண்டு நடத்திப்போய், எடுத்துப்போட்டுவிட்டு, வீட்டுக்குள் தண்ணீர் வைத்துக் கதவைச் சாத்தி வாருங்கள். ஆராதனை பத்து மணிக்குத்தான் ஆரம்பமாகிறது.